இடைக்கால ஐரோப்பிய நாடகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் 10-ஆம் நூற்றாண்டு முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை மக்கள் கண்டுகளித்த நாடகங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கிரேக்க நாடகத்தைப் படித்துவிட்டு நேரே ஷேக்ஸ்பியருக்குத் தாவிவிடுவது நம் வகுப்பறை வழக்கம். நடுவே பெரும் நாடக உலகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் தச்சர்கள், ரொட்டி சுடுபவர்கள், ஆணி அடிப்பவர்கள்.

உரோமப் பேரரசு வீழ்ந்ததும் நாடகம் அழிந்துவிட்டதா?

அரங்குகள் பாழடைந்தன, அரசுச் செலவில் நடந்த விழாக்கள் நின்றன. திருச்சபைக்கும் நாடகம் என்றாலே ஆகாது. கி.பி. 200-ஐ ஒட்டிக் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், பொதுக்காட்சிகளைக் கண்டிப்பதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஆனால் கோமாளிகளும் கழைக்கூத்தாடிகளும் பாடிப் பிழைப்பவர்களும் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குச் சாட்சி சொல்பவர்கள் அவர்களைத் திட்டிய ஆயர்களே. குருமார்கள் கூத்தாடிகளின் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று சபைச் சங்கங்கள் மீண்டும் மீண்டும் விதி போட்டன. நடக்காத ஆட்டத்துக்கு யார் தடை போடுவார்கள்? எழுதிவைத்த ஏடு கிடைக்கவில்லை என்பதற்காக ஆட்டமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அப்படியானால் கோயிலுக்குள் நாடகம் எப்படி நுழைந்தது?

உயிர்ப்பு ஞாயிறன்று பாடப்பட்ட ஒரு சிறு வினா விடையாக நுழைந்தது. இயேசுவின் கல்லறைக்கு வந்த பெண்களிடம் வானதூதர் “யாரைத் தேடுகிறீர்கள்?” என்று இலத்தீனில் கேட்பார். “சிலுவையில் அறையப்பட்ட நாசரேத்து இயேசுவை” என்பார்கள் அவர்கள். “அவர் இங்கே இல்லை, உயிர்த்துவிட்டார்” என்பது பதில். சுவிட்சர்லாந்தின் புனித காலஸ் (St. Gall) மடத்திலும் பிரான்சின் லிமோஜிலும் 10-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பாடல் எழுதிவைக்கப்பட்டது.

இதை நடிப்பது எப்படி என்று விரிவாகச் சொல்லும் குறிப்பு இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. வின்செஸ்டர் ஆயர் ஏதல்வோல்டு 970 வாக்கில் துறவு மடங்களுக்காகத் தொகுத்த ஒழுங்குநூலில் அது இருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்த துறவி ஒருவர், வேறு ஏதோ வேலையாக வருபவர்போல வந்து, யாரும் கவனிக்காதபடி கோயிலில் கல்லறையாகப் பாவிக்கும் இடத்தருகே போய், கையில் குருத்தோலையுடன் அமைதியாக உட்கார வேண்டும். அடுத்து மூன்று துறவிகள் தூபக்கலசங்களை ஏந்தி, எதையோ தேடுபவர்களைப்போல அடிமேல் அடி வைத்து வர வேண்டும். உட்கார்ந்திருப்பவர் தணிந்த, இனிய குரலில் பாட்டைத் தொடங்குகிறார். பதில் வந்ததும் திரையை விலக்கி, இயேசுவின் உடலாகப் பாவித்து அங்கே வைத்திருந்த சிலுவை இல்லாத வெற்றிடத்தைக் காட்டுகிறார். அங்கே கிடப்பது வெறும் துணி. மூவரும் அந்தத் துணியை எடுத்து அங்கிருக்கும் எல்லோரும் பார்க்கும்படி விரித்துப் பிடிக்கிறார்கள். உடனே மணிகள் ஒருசேர ஒலிக்கின்றன.

“வேறு ஏதோ வேலையாக வருபவர்போல” என்ற அந்தச் சொற்களில்தான் எனக்கு உயிர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நடிகருக்கு இப்படி நுட்பமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களோ இதை நாடகம் என்று அழைக்கவில்லை. அவர்களுக்கு அது வழிபாடு.

அந்தக் காலத்தில் பெண்கள் நாடகம் எழுதினார்களா?

எழுதினார்கள். அதே 10-ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் காண்டர்ஸ்ஹைம் மடத்தில் வாழ்ந்த ஹ்ரோட்ஸ்விட் ஆறு இலத்தீன் நாடகங்களை எழுதினார். உரோம நகைச்சுவை ஆசிரியர் டெரன்ஸின் நடையை எடுத்துக்கொண்டு, அவர் பரத்தையரை வைத்த இடத்தில் உறுதி குலையாத கன்னியரை வைத்தார். அவருடைய ஏட்டுச் சுவடி 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஓர் அறிஞரின் கண்ணில் பட்டது, 1501-இல் அச்சேறியது.

12-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிங்கன் நகர ஹில்டகார்ட் ஓர் இசை நாடகம் இயற்றினார். ஓர் ஆன்மாவுக்காக நற்குணங்களும் சாத்தானும் போராடும் கதை. நற்குணங்கள் எல்லாம் பாடுகின்றன. சாத்தானுக்கு மட்டும் பாட்டே கிடையாது, வெறும் கத்தல்தான். இசை இறைவனுடையது, அது சாத்தானின் வாயில் வராது என்பது அவருடைய எண்ணம்.

நாடகம் முதலில் பீடத்தருகே, பிறகு கோயில் வாசலில், பிறகு சந்தையில், கடைசியாகச் சமயம் கலக்காத உலகியல் நாடகமாக என்று படிப்படியாக வளர்ந்ததாகப் பாடநூல்கள் சொல்கின்றனவே?

இந்த ஏணிக்கதையை நான் ஏற்கவில்லை. ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே அது கலைந்துவிடும்.

12-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆதாம் ஏவாள் கதை நார்மானியப் பிரெஞ்சில் நாடகமாகிவிட்டது. அதன் மேடைக் குறிப்புகள் நேற்று எழுதியவைபோல இருக்கின்றன. ஏதேன் தோட்டம் உயரமான இடத்தில், பட்டுத் திரைகளும் பூக்களும் கனிகளும் கொண்டு அமைய வேண்டும். ஆதாமாக நடிப்பவர் முந்திக்கொண்டும் பதில் சொல்லக் கூடாது, தாமதித்தும் சொல்லக் கூடாது. தோட்டத்தின் பெயரைச் சொல்லும்போது அதைப் பார்த்துக் கையால் காட்ட வேண்டும். பேய்கள் பார்வையாளர் நடுவே ஓடித் திரிய வேண்டும். ஆதாமையும் ஏவாளையும் சங்கிலியில் கட்டி நரகத்துக்குள் இழுத்துச் சென்றதும் உள்ளே புகை எழ வேண்டும். அண்டா குண்டாக்களைத் தட்டி ஆரவாரம் செய்ய வேண்டும். கடவுளாக நடிப்பவர் தம் பகுதி முடிந்ததும் கோயிலுக்குப் போய்விடுகிறார். ஆகவே ஆட்டம் கோயில் வாசலில் நடந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள்.

வட பிரான்சின் ஆராஸ் நகரில் 1200 வாக்கில் ழான் போடெல் எழுதிய புனித நிக்கோலாஸ் நாடகத்தில், சிலுவைப் போரும் அற்புதமும் ஒரு பக்கம் என்றால், மதுக்கடையில் பகடை உருட்டும் திருடர்கள் மறுபக்கம். அதே ஊர்க்காரரான ஆதாம் த ல ஆல் 1276 வாக்கில் எழுதிய நாடகத்தில், அவரே ஒரு பாத்திரமாக வருகிறார். மனைவியை விட்டுப் பாரிசுக்குப் படிக்கப் போக வேண்டும் என்கிறார். அவருடைய அப்பா கஞ்சத்தனம் செய்கிறார். ஊர்ப் பெரிய மனிதர்கள் பெயர் சொல்லிக் கிண்டல் செய்யப்படுகிறார்கள். முழுக்க முழுக்க உலகியல் நாடகம் இது. சமய நாடகத்தின் உச்சம் என்று கொண்டாடப்படும், இங்கிலாந்தின் யார்க் நகர வண்டி நாடகங்களைப் பற்றிய முதல் பதிவு 1376-இல்தான் வருகிறது. இலத்தீன் வழிபாட்டு நாடகமும் இவற்றுக்கெல்லாம் வழிவிட்டு மறையவில்லை. 16-ஆம் நூற்றாண்டு வரை பல கோயில்களில் நடந்தது.

ஒன்று முதிர்ந்து மற்றொன்றாக மாறவில்லை. ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே மக்கள் இரண்டையும் பார்த்தார்கள்.

வண்டி நாடகம் என்றால் என்ன?

அப்பத்தையும் இரசத்தையும் இயேசுவின் உடலும் இரத்தமுமாக ஏற்கும் நற்கருணைக்கென்று ஒரு தனித் திருவிழாவைத் திருத்தந்தை நான்காம் உர்பன் 1264-இல் ஏற்படுத்தினார். 14-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பா முழுவதும் பரவியது. வடக்கே மே இறுதியிலும் ஜூனிலும் பகல் மிக நீளம். மழையும் சற்று அடங்கியிருக்கும். தெருவில் பவனி போக ஏற்ற நாள். இங்கிலாந்தின் சில நகரங்களில் அதை ஒட்டி, உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை முழு மீட்பு வரலாற்றையும் நாடகமாக ஆடினார்கள்.

யார்க்கில் ஐம்பதுக்கு நெருக்கமான குறுநாடகங்கள். ஒவ்வொன்றும் ஒரு கைவினைச் சங்கத்தின் பொறுப்பு. சக்கரம் வைத்த மேடையை இழுத்துக்கொண்டு, நகரில் குறித்த இடங்களில் ஒவ்வொன்றாக நின்று அதே நாடகத்தை ஆடுவார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு நிறுத்தங்கள். நடிகர்கள் விடியற்காலை நாலரை மணிக்கே தயாராக நிற்க வேண்டும் என்பது 1415-ஆம் ஆண்டு நகர ஆணை. பார்ப்பவர் ஓரிடத்திலேயே நின்றால் போதும். படைப்பிலிருந்து உலக முடிவு வரை அவர் முன்னால் உருண்டு போகும்.

யாருக்கு எந்தக் கதை என்பதில் ஒரு பொருத்தம் பார்த்திருக்கிறார்கள். நோவா பேழை கட்டும் நாடகம் கப்பல் கட்டும் தச்சர்களுக்கு; வெள்ளப் பெருக்கு மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும்; இறுதி இராவுணவு ரொட்டி சுடுபவர்களுக்கு; குழந்தை இயேசுவுக்குப் பொன் கொண்டுவரும் ஞானிகளின் கதை பொற்கொல்லர்களுக்கு. கையிருப்பில் சரக்கும் கையில் தொழிலும் இருப்பவரே அதை நன்றாகக் காட்ட முடியும்.

அந்த நாடகங்களில் ஒன்றை மட்டும் படிக்க வேண்டுமென்றால் எதைப் படிக்கலாம்?

யார்க்கின் சிலுவை அறைதல். ஊசியும் ஆணியும் செய்பவர்களின் சங்கம் ஆடிய நாடகம் அது. 300 வரிகள்தான் இருக்கும்.

நான்கு படைவீரர்கள் இயேசுவைச் சிலுவையில் அறைகிறார்கள். அவர்களுடைய பேச்சு முழுக்க வேலையைப் பற்றியே. நீ தலைப் பக்கம் போ, நான் கையைப் பிடிக்கிறேன். துளையைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள், கை அதுவரை எட்டவில்லை. சரி, கயிறு கட்டி இழு, நரம்பு அறுந்தாலும் பரவாயில்லை. சிலுவையைத் தூக்கும்போது தோள்பட்டை போய்விட்டது, மூச்சு வாங்குகிறது என்று புலம்புகிறார்கள். நட்டபின் குழி அகலமாக இருப்பதால் சிலுவை ஆடுகிறது. ஆப்பு கொண்டுவா என்கிறார்கள். நாள் கூலிக்கு வந்தவர்கள் ஒரு கடினமான வேலையை முடிக்கப் பாடுபடுவதைப்போலவே இருக்கிறது. யார்மேல் ஆணி இறங்குகிறது என்பது அவர்கள் மனத்தில் ஏறவே இல்லை.

ஆரம்பத்தில் ஒரு சிறு வேண்டுதல் சொல்லிவிட்டு இயேசு அமைதியாகப் படுத்துவிடுகிறார். அவரைக் கிடத்தி அறையும்போது, தெருவில் நிற்பவர்களுக்கு வீரர்களின் குனிந்த முதுகுகள்தான் தெரிந்திருக்கும். சிலுவை நிமிர்ந்த பிறகே அவர் முகம் தெரிகிறது. அப்போது அவர் பேசுவது வீரர்களிடம் அல்ல. தெருவழியே போகிற எல்லோரிடமும். கீழே நிற்கும் கூட்டம் அதுவரை துளை தப்பியதற்கும் ஆப்பு தேடியதற்கும் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம்.

ஆணி செய்கிற மனிதனே ஆணி அறையும் காட்சியை ஆடியிருக்கிறான். இதை எழுதியவர் பெயர் தெரியவில்லை.

இதற்கெல்லாம் யார் செலவு செய்தார்கள்?

சங்க உறுப்பினர்கள்தான், ஆண்டுதோறும் வரி கட்டி. அவர்களுடைய கணக்குப் புத்தகங்கள் சில தப்பிப் பிழைத்தன. கவென்ட்ரி நகரக் கொல்லர் சங்கத்தின் 1573-ஆம் ஆண்டுக் கணக்கில், யூதாசைத் தூக்கிலிட்டதற்கு ஒருவருக்கு நான்கு பென்ஸ், சேவல்போலக் கூவியதற்கு அதே ஆளுக்கு இன்னொரு நான்கு பென்ஸ் என்று எழுதியிருக்கிறது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது கூவிய சேவல் அது. யார்க்கின் துணி வணிகர்கள் 1433-இல் எழுதிய பட்டியலில், இறுதித் தீர்ப்பு நாடகத்துக்கான நாலு சக்கர வண்டி, நரகத்தின் வாய், கடவுளை மேலும் கீழும் கொண்டுபோக இரும்புச் சட்டம் என எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நாடக வரலாற்றில் இத்தனை உயிருள்ள பக்கங்கள் குறைவு.

சமய நாடகத்தில் சிரிப்புக்கு இடம் இருந்ததா?

தாராளமாக. வேக்ஃபீல்டு நகரோடு சேர்த்துச் சொல்லப்படும் நாடகம் ஒன்றில், மாக் என்பவன் மூன்று இடையர்களின் ஆட்டைத் திருடி, துணி சுற்றித் தொட்டிலில் போட்டு, தன் மனைவி பெற்ற பிள்ளை என்கிறான். தேடி வந்த இடையர்கள் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் வந்துவிட்டோமே என்று பரிசு கொடுக்க மறுபடியும் போகிறார்கள். துணியை விலக்கி முத்தமிடக் குனிந்தால், பிள்ளைக்கு நீண்ட மூக்கு! அந்தத் திருடனைக் கொல்லாமல், ஒரு கித்தான் துணியில் போட்டுத் தூக்கித் தூக்கிப் போடுவதோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்த காட்சியில் வானதூதர் பாட, அதே மூவரும் பெத்லகேமுக்குப் போய் வேறொரு தொட்டில் முன் மண்டியிடுகிறார்கள். கேலியும் பக்தியும் ஒரே கதையின் இரு பாதிகள். எதை வெட்டினாலும் மற்றது சாகும்.

ஒழுக்க நாடகம் என்பது வேறு வகையா?

ஆம். விவிலியக் கதை ஆடுவது ஒரு வகை, புனிதர் கதை ஆடுவது இன்னொரு வகை. ஒழுக்க நாடகத்தில் செல்வம், மரணம், அறிவு, நல்வினை போன்றவையே பாத்திரங்கள். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கில நாடகம் ஒன்றின் சுவடியில் மேடை வரைபடமே இருக்கிறது: நடுவே கோட்டை, அதன் கீழே மனிதனின் கட்டில், சுற்றிலும் ஐந்து பரண்கள். 1470-ஐ ஒட்டிய இன்னொரு நாடகத்தில், தித்திவில்லஸ் என்ற பெரிய பேயைக் காட்ட வேண்டுமானால் காசு போடுங்கள் என்று நடிகர்கள் நடுவில் நிறுத்தி வசூல் செய்கிறார்கள். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போன குழு ஆடியிருக்க வேண்டும்.

பிரான்சில் நாடகங்கள் பல நாட்கள் நடந்தன என்பது உண்மையா?

உண்மை. அர்னூல் க்ரெபான் 1450 வாக்கில் பாரிசில் எழுதிய திருப்பாடுகள் நாடகம், அதாவது இயேசு பட்ட பாடுகளையும் அவர் மரணத்தையும் காட்டும் நாடகம், சுமார் 35,000 வரிகள். ஆட நான்கு நாட்கள். 1547-இல் வாலான்சியென் நகரில் நடந்தது 25 நாட்கள். அதன் மேடையைக் காட்டும் ஓவியம் இன்றும் உள்ளது: இடது கோடியில் விண்ணகம், வலது கோடியில் வாய் பிளந்த நரகம், நடுவில் எருசலேமும் அரண்மனைகளும் படகு மிதக்கும் குளமும்.

ஆபத்தும் இருந்தது. 1437-இல் மெட்ஸ் நகரில் இயேசுவாக நடித்த பங்குத்தந்தை சிலுவையிலேயே மயங்கி உயிர் போகும் நிலைக்கு வந்துவிட்டார். அதே நாடகத்தில் யூதாசாகத் தொங்கியவரும் மயங்க, அவசரமாக இறக்கிக் காடி தடவி மீட்டார்கள்.

சமயமே கலக்காத நாடகங்கள் எவை?

டச்சு மொழியில் 1400-களின் தொடக்கத்தில் எழுதிவைக்கப்பட்ட ஒரு சுவடியில் காதலும் அரசகுலமும் பேசும் நாடகங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் முடிவிலும் ஆட ஒரு சிறு கேலி நாடகமும் சேர்ந்தே இருக்கிறது. நூரம்பர்க் நகரில் தவக்காலத்துக்கு முந்தைய களியாட்ட நாட்களில், வீடு வீடாகவும் மதுக்கடைகளிலும் குறுநாடகம் ஆடினார்கள். பின்னாளில் அதில் பெயர் பெற்ற ஹான்ஸ் சாக்ஸ் செருப்புத் தைப்பவர். இங்கிலாந்தில் ஹென்றி மெட்வால் 1497 வாக்கில், பிரபுவின் விருந்துக் கூடத்தில் பந்திக்கு நடுவே ஆடும்படி எழுதிய நாடகம், பிறப்பால் உயர்ந்தவன் மேலா, குணத்தால் உயர்ந்தவன் மேலா என்று கேட்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது பிரெஞ்சு மொழியின் பத்லான் நாடகம். 1460-ஐ ஒட்டி எழுந்தது. பிழைப்பற்ற வழக்கறிஞர் ஒருவர் துணிக்கடைக்காரரை ஏமாற்றித் துணி வாங்குகிறார். பிறகு, அதே கடைக்காரரின் ஆடுகளைத் திருடிய இடையன் ஒருவனுக்காக வாதாடப் போகிறார். யார் என்ன கேட்டாலும் “மே” என்று மட்டும் கத்து என்பது அவர் சொல்லிக்கொடுத்த தந்திரம். அது பலித்து வழக்கு தள்ளுபடியாகிறது. வெளியே வந்து கூலி கேட்டால், அவரிடமும் இடையன் சொல்வது “மே”. துணியையும் ஆட்டையும் குழப்பித் தவிக்கும் கடைக்காரரிடம் நீதிபதி சொல்லும் “ஆட்டு விஷயத்துக்கு வருவோம்” என்ற வாக்கியம், பேச்சை வழிக்குக் கொண்டுவரும் சொலவடையாகப் பிரெஞ்சில் இன்றும் வழங்குகிறது.

பெண்கள் மேடையேறினார்களா?

இங்கிலாந்து நகர நாடகங்களில் பெரும்பாலும் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். என்றாலும் செஸ்டரில் மரியாவின் விண்ணேற்பு நாடகம் நகரத்துப் பெண்களின் பொறுப்பில் இருந்தது. மெட்சில் 1468-இல், கண்ணாடிப் பணியாளர் ஒருவரின் மகள் புனித கத்தரீனாவாக 2,000 வரிகளுக்கு மேல் பேசி நடித்தாள். கூட்டம் கண்ணீர் விட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிரபு அவளை மணந்துகொண்டார்.

இவையெல்லாம் ஏன் நின்றன?

மக்கள் சலித்துக் கைவிட்டதாக நினைக்க வேண்டாம். மேலிருந்து நிறுத்தினார்கள். 1548-இல் பாரிஸ் நீதிமன்றம் சமய நாடகங்களைத் தடுத்தது. அவற்றை ஆடவே 1402-இல் அரச உரிமை பெற்றிருந்த சகோதர சபை, அதன்பின் உலகியல் நாடகம் மட்டுமே நடத்தலாம் என்றானது. இங்கிலாந்தில் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை வந்தபின் நாடக ஏடுகள் தணிக்கைக்குப் போயின. யார்க்கில் கடைசி ஆட்டம் 1569. செஸ்டரில் 1575, அதை அனுமதித்த மேயர் இலண்டனில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கவென்ட்ரியில் 1579. லண்டனில் நிலையான நாடக அரங்கு கட்டப்பட்டது 1576-இல். கவென்ட்ரிக்குப் பக்கத்து ஊரான ஸ்ட்ராட்போர்டில் ஷேக்ஸ்பியருக்கு 1579-இல் வயது 15. வண்டி மேடைகளில் கூச்சலிட்டு ஆர்ப்பரித்த ஏரோது மன்னனை அவர் ஹாம்லெட்டில் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்.

தமிழுக்கும் இந்த நாடகங்களுக்கும் உறவு உண்டா?

கத்தோலிக்கத் தமிழர் வழியாக உண்டு. மன்னார்ப் பகுதியின் மூவிராசாக்கள் நாடகம், ஐரோப்பாவில் 11-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆடப்பட்ட ஞானிகள், ஏரோது கதைதான். இங்கே அது நம் கூத்தின் மெட்டில் வாழ்கிறது. தவக்காலத்தில் நம் ஊர்களில் ஆடும் பாஸ்காவும் திருப்பாடுகள் நாடகமே.

இன்னொன்று பலரும் அறியாதது. 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பொற்கொல்லர் சங்கம் ஆண்டுதோறும் மரியாவின் அற்புதங்களை ஆடியது. அவற்றில் 40 நாடகங்கள் கிடைத்துள்ளன. அதில் ஒன்று, கையிழந்த அங்கேரி இளவரசியின் கதை. அவள் ஓர் அரசனை மணக்கிறாள், பொய்க் கடிதத்தால் பழி சுமந்து துரத்தப்படுகிறாள், கடைசியில் அற்புதத்தால் கை திரும்பக் கிடைக்கிறது. கை வெட்டப்பட்ட ஞானசவுந்தரியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இன்று இவற்றை எங்கே பார்க்கலாம்?

யார்க்கில் 1951-இல் ஒரு மடத்தின் இடிபாடுகளுக்கிடையே மீண்டும் ஆடத் தொடங்கினார்கள்; இப்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டிகளும் தெருவில் வருகின்றன. ஜெர்மனியின் ஓபரம்மர்கௌ கிராமம், கொள்ளை நோயின்போது 1633-இல் செய்த நேர்ச்சைக்காகப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருப்பாடுகள் நாடகம் ஆடுகிறது. 2020-இல் மற்றொரு தொற்று வந்து அதை 2022-க்குத் தள்ளியது.

ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் ஸ்பெயினின் எல்ச்சே நகருக்குப் போங்கள். ஆகஸ்ட் 14, 15 தேதிகளில், மரியாவின் மரணமும் விண்ணேற்பும் கோயிலுக்குள்ளேயே பாட்டாக நடக்கின்றன. கோபுரக் கூரையில் ஒரு கதவு திறக்கிறது. மாதுளை என்று ஊரார் அழைக்கும் ஓர் உருண்டை கயிற்றில் மெல்ல இறங்குகிறது. பாதி வழியில் அதன் இதழ்கள் விரிய, உள்ளே குருத்தோலை ஏந்திய ஒரு சிறுவன் வானதூதராகப் பாடிக்கொண்டே வருகிறான். பொன்னிறத் துகள்கள் கீழே நிற்பவர்களின் தலையில் உதிர்கின்றன.